உட்கார்ந்தே அளவெடுத்த சட்டை

1

எழுந்து நின்றால் தெரிந்துவிடும். நிற்காமல் இருந்தால் என்ன? இன்னும் ஐந்து நிமிஷம் இந்த முக்காலியிலேயே இருந்துவிடலாம். மாஸ்டரம்மா துணியில் குறிபோடச் சாக்குக்கட்டி எடுக்கப் போயிருக்கிறார். அவர் வரும்வரை நான் ஒரு சட்டையை உண்டாக்கியவள். வந்து ‘எழுந்திரும்மா’ என்று சொன்ன பிறகு என்ன ஆவேனோ தெரியாது. கண்ணாடியே, அதுவரை வாயைத் திறக்காதே.

(இது மூன்றாவது தொடக்கம். முதலாவது, ‘ஆறு லட்சம் பேர் தினமும் பார்க்கும் ஒரு முகத்துக்கு—’ என்று ஆரம்பித்தது. முகத்துக்கு முன்னால் எண்ணிக்கை வந்து நின்றதும் பேனாவை மூடிவிட்டேன். இரண்டாவது, ‘எனக்குப் புருவமே இல்லாமல் இருந்த அந்த வருஷத்தில்—’. அது என்னைப் பற்றிய கதையாகிவிடும் என்று பயந்து நிறுத்தினேன். ஆனாலும் அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சொல்லிவிடுகிறேன்.)

2

எனக்குப் புருவமே இல்லாமல் இருந்த அந்த வருஷத்தில், மருந்து ஏறிய உடம்போடு படுக்கையில் கிடந்தபடி, கைப்பேசியில் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒப்பனை சொல்லிக்கொடுக்கிறவள். பார்க்கிறவர்கள் அவளை ‘மைக்காரி’ என்பார்கள். அவளும் அந்தப் பெயரிலேயே வணக்கம் சொல்லுவாள். புருவம் வரைவதைப் பற்றி ஒரு நாள் சொன்னாள்: “கோடு போடாதீங்க. ஒவ்வொரு முடியா போடுங்க. ஒண்ணு போட்டு, மூச்சு விட்டு, அடுத்தது. என்ன அவசரம்? எங்க ஓடப் போறீங்க?”

நான் எங்கும் ஓடப்போவதில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது! சிரித்துவிட்டேன். அந்த மாதத்தில் முதல் சிரிப்பு. மறுநாள் காலை கண்ணாடி முன் உட்கார்ந்து இடது பக்கம் முப்பத்திரண்டு, வலது பக்கம் முப்பது முடி போட்டேன். மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பார்த்து, “இன்னைக்கு நல்லா இருக்கீங்க” என்றாள். நன்றி அவளுக்குச் சொன்னேன். போய்ச் சேரவேண்டிய இடம் வேறு.

மைக்காரிக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. நாற்பதாயிரம் பேர் ‘சூப்பர்’ என்று எழுதியிருக்கும் இடத்தில் என் நன்றியை எங்கே வைப்பது? முடி முளைத்தது, புருவமும் முளைத்தது, நானும் மறந்தேன். இரண்டு வருஷம் கழித்து மைக்காரி தன் பெயரில் உடைகள் விற்கத் தொடங்கினாள். நன்றியாக இருக்கட்டும் என்று ஒரு சட்டை வாங்கினேன். இடுப்புக்குக் கீழே வரும் தொளதொளச் சட்டை, மழைக்கு முந்தைய வானத்தின் நிறம்.

போட்டுக்கொண்டு நின்றேன். முன்பக்கம் நான்கு விரல் தூக்கிக்கொண்டது, பின்பக்கம் வால்போலத் தொங்கியது. என் மகள் கதவோரம் நின்று பார்த்தாள். “முன்னாடி ஓடுது, பின்னாடி வரமாட்டேங்குது. உள்ளுக்குள்ள சண்டையாம்மா?” என்றாள்.

திருப்பி அனுப்பத்தான் முடிவு செய்தேன். அதற்கான கடிதத்தை எழுதவே மேசையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் வேறு வேலை பிடித்துக்கொண்டது. இரண்டு மணி நேரம் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. அத்தனை நேரத்தில் ஒரு முறைகூட நான் சட்டையை இழுத்துவிடவில்லை. வயிற்றில் மடிப்பு விழவில்லை. குனிந்து எழுதும்போது முதுகின் கீழே காற்று படவில்லை. உட்கார்ந்து பிழைக்கிறவள் நான். என் சட்டைகளோடு முப்பது வருஷமாக மல்லுக்கட்டுகிறேன். எனக்குத் தெரியும். இந்தச் சட்டைக்கு அளவெடுத்தபோது யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

ஏன்?

இந்தக் கதை அந்த ‘ஏன்’தான். மைக்காரியைப் பற்றி எனக்குத் தெரிந்தவை இவ்வளவே: அவள் முகம், குரல், பின்னால் தொங்கும் சாம்பல்நிறத் திரை. எந்தக் காணொளியிலும் அவள் எழுந்து நின்றதில்லை. அப்புறம், கேமராவுக்குப் பின்னாலிருந்து சில சமயம் ஒரு சிரிப்பு கேட்கும், அடக்கப் பார்த்து அடங்காத சிரிப்பு. இனி வருவதெல்லாம் அந்தச் சிரிப்பிலிருந்து நான் கட்டியது.

3

கேமராவுக்குப் பின்னால் முதலில் ஒரு கணவனைத்தான் வைத்தேன். அரைப்பக்கம் இருந்தான். அதற்குள் ஏழு முறை கைப்பேசியைப் பார்த்தான். வெளியே அனுப்பினேன். அடுத்து ஒரு தோழி. இரண்டாவது பக்கத்தில் சண்டை போட்டுப் பிரிகிற எல்லா அறிகுறிகளும் அவளிடம் தெரிந்தன. பிறகு அக்கா வந்தாள். ‘வந்து உட்கார்ந்தாள்’ என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் பார்த்தேன், அவள் உட்கார்ந்தபடியேதான் வந்திருக்கிறாள்.

சக்கர நாற்காலி. காரணம் சொல்ல மூன்று வாக்கியங்கள் தொடங்கினேன்.

‘மழை பெய்த ஒரு காலையில், பேருந்து—’

‘பிறந்த மூன்றாம் மாதமே காய்ச்சல்—’

‘டாக்டர்கள் முதலில் சாதாரணம் என்றுதான்—’

மூன்றையும் அப்படியே விட்டுவிட்டேன். கடைக்குப் போகும்போது, வங்கிக்குப் போகும்போது, வழியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் அவளிடம் கேட்கிற கேள்வி அது. நானும் ஏன் கேட்கவேண்டும்?

மைக்காரி அப்போது ஒரு அழகு நிலையத்தில் புருவம் திருத்துகிறவளாக இருந்தாள். வேலை முடிந்து வந்து, அன்று பார்த்த முகங்களைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் அக்கா தன் கைப்பேசியை நீட்டினாள். “இதுகிட்ட சொல்லு. என் காது ரெண்டும் நிறைஞ்சுபோச்சு.”

முதல் காணொளியை மைக்காரி நின்றபடி பேசினாள். அக்கா கீழேயிருந்து எடுத்தாள். போட்டுப் பார்த்தார்கள்.

“என்னடி இது, உன் மூக்கு ஓட்டை ரெண்டும்தான் தெரியுது. குகை மாதிரி.”

“நீ கையைத் தூக்கிப் பிடி.”

“நான் என்ன கிரேனா? நீ உக்காரு.”

உட்கார்ந்தாள். அவ்வளவுதான். கேமராவின் தாங்கி அக்காவின் கைக்கு எட்டும் உயரத்தில் திருகி இறுக்கப்பட்டது. அதன் கால்கள் சக்கரத்தில் சிக்காமலிருக்க, தரையில் நாடா ஒட்டி எல்லை போட்டார்கள். வட்ட விளக்கு, முகம் பார்க்கும் கண்ணாடி, தூரிகைகள் நிற்கும் குவளை என்று அந்த அறையில் எல்லாமே அந்த உயரத்துக்கு இறங்கி வந்தன. ஆறு வருஷம் அப்படியே ஓடியது. ஆறு லட்சம் பேர் அந்த முகத்தைப் பார்த்தது அக்காவின் கண் மட்டத்திலிருந்து. யாருக்கும் அது தெரியாது. மைக்காரிக்கே அது மறந்துபோயிருந்தது.

(இந்தப் பத்தியை எழுதி முடித்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். சொந்தக் கதையில் எழுத்தாளர் நெகிழ்வது அவ்வளவு நல்லதில்லை.)

4

சட்டைக்கு வருகிறேன்.

துணி விற்கும் நிறுவனம் ஒன்று மைக்காரியைத் தேடி வந்தது. உங்கள் பெயரில் பத்து வகை உடைகள், முதலில் ஒரு சட்டை, வரைந்து கொடுங்கள் என்றது. மைக்காரிக்கு வரையத் தெரியும். ஆனால் அவள் வரைந்ததெல்லாம் முகத்தில். எனவே ஒரு தொளதொளச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வழக்கமான முக்காலியில், வழக்கமான விளக்குக்கு எதிரே உட்கார்ந்தாள். அக்கா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு கேமராத் திரையைப் பார்த்துப் பார்த்துத் துணியைப் பிடித்தாள். வயிற்றில் மடிப்பு தெரிந்தது. அந்த மடிப்பைச் சுருட்டி ஊசி குத்தினாள். மைக்காரி கண்ணாடியை நோக்கிச் சாய்ந்தபோது பின்பக்கம் மேலேறியது. அங்கே ஒரு துண்டுத் துணியைச் சேர்த்தாள். திரையில் ஒரு சுருக்கமும் இல்லை.

அந்த ஊசிகளோடேயே சட்டை தையல் கூடத்துக்குப் போனது. அங்கே கட்டிங் மாஸ்டர் ஒரு பெண், மாஸ்டரம்மா. ஒன்றன்மேல் ஒன்றாகத் துணி அடுக்கி, முந்நூறு சட்டைகளை ஒரே வெட்டில் வெட்டினார். தைத்ததில் முதலாவதைப் போட்டுப் பார்க்கத்தான் மைக்காரி அன்று போயிருந்தாள். முக்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் பார்த்து, பூரித்துப்போய், பிறகு எதற்கோ லேசாக எழுந்தபோது வயிற்றில் காற்று பட்டு, சட்டென்று மறுபடி உட்கார்ந்துகொண்டாள். நாம் இந்தக் கதைக்குள் நுழைந்தது அப்போதுதான்.

மாஸ்டரம்மா சாக்குக்கட்டியோடு வந்தார்.

“எழுந்திரும்மா.”

எழுந்தாள். தையல் மெஷின்கள் ஒன்றொன்றாக நின்றன.

“முன்னால ஜன்னல் தொறந்து கெடக்கு. பின்னால திரை தொங்குது. ஏம்மா, நீ நின்னு பாக்கவே இல்லையா?”

“கேமராவுல நல்லா இருந்துச்சு மாஸ்டர்.”

“கேமராவா போட்டுக்கப் போகுது?”

யாரோ சிரித்தார்கள். மைக்காரி முன்பக்கத்தை இரண்டு கையாலும் கீழே இழுத்தபடி நின்றாள்.

“வெட்டும்போது உங்களுக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சுது. நாலு விரல் வித்தியாசம் தெரியாதா எனக்கு? ஃபேஷன்னு நெனச்சேன். போன மாசம் ஒரு பொண்ணு ஒரு கையே இல்லாம சட்டை வரைஞ்சு குடுத்துச்சு. ஏன்னு கேட்டேன். ‘உங்களுக்குப் புரியாது ஆன்ட்டி’ன்னுச்சு. அதுலேர்ந்து நான் கேக்குறதே இல்ல.”

(மாஸ்டரம்மாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கதை முழுக்க வைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் அவருக்கு வேலை இருக்கிறது.)

5

ஒரு சட்டையைப் பையில் சுருட்டிக்கொண்டு மைக்காரி வீட்டுக்கு வந்தாள். அக்கா அதை விரித்து முன்னும் பின்னும் பார்த்தாள்.

“முந்நூறுமா?”

“முந்நூறும்.”

“நாமளேதான் ஊசி குத்தினோம். கைதட்டுங்க எல்லாரும்.” தானே இரண்டு தட்டு தட்டினாள். “சரி, அழறதுன்னா முதல்ல மையைத் துடைச்சுட்டு அழு. தலையணை உறை மாத்தி மாத்தி அலுத்துப்போச்சு.”

மைக்காரி முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது அக்கா அந்தச் சட்டையைப் போட்டிருந்தாள். அதைப் போட்டுக்கொண்டே மேசையில் குனிந்து, பழைய காணொளி ஒன்றின் வால் பகுதியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை வயிற்றில் திரளும் துணியைக் கீழே இழுத்துவிடுவாள், பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகை மூடுவாள். முன்னால், பின்னால். பேசும்போது, சாப்பிடும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போதும் அதுதான். அது அக்காவின் கை அசைவு என்றே மைக்காரி நினைத்திருந்தாள், சிலர் மூக்கைத் தடவிக்கொள்வதைப் போல. இப்போது அந்தக் கைகள் மேசைமேல் இருந்தன. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். மைக்காரி வாசற்படியில் நின்று அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

[இங்கே அவளை அழவைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். முகம் இப்போதுதானே கழுவினாள்.]

“நல்லா இருக்கே இது,” என்றாள் அக்கா, தலை நிமிராமல். “யாருக்குத் தச்சது?”

“எனக்குத்தான்.”

“பொய்.”

6

இந்த இடத்தில் ஒரு வில்லி தேவைப்பட்டாள். நிறுவனத்தின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தேன். அவளுக்குக் கூர்மையான காலணியும் கூர்மையான சிரிப்பும் கொடுத்தேன். ஆனால் பேசத் தொடங்கியதும் அவள் நல்லவளாகிவிட்டாள். நடந்ததைக் கேட்டு, மைக்காரி அனுப்பிய சட்டைப் படத்தைப் பார்த்து, உண்மையாகவே கண் கலங்கினாள். என்ன செய்ய?

“இதை மாத்தவே வேணாங்க,” என்றாள் தொலைபேசியில். “இதுதான் நம்ம கதை. ‘என் அக்காவுக்காக’. வெளியிடுற அன்னைக்கு அக்கா நாற்காலியோட உங்க பக்கத்துல வரணும். நீங்க அவங்களுக்கு நன்றி சொல்லணும். ஒரே நிமிஷம். பாக்குறவங்க உருகிடுவாங்க.”

“அவளுக்காகத் தைக்கலையே. தப்பாத்தானே தச்சோம்.”

“தப்புன்னு சொன்னா எங்க மேலிடம் ஒத்துக்காது. பின்பக்கத்தை வெட்டிச் சமமாக்கி, சாதாரண குட்டைச் சட்டையா வித்துடலாம்னு ஏற்கெனவே பேச்சு. கதை இருந்தாத்தான் இந்தச் சட்டை இப்படியே பிழைக்கும். அப்புறம் பத்து வகையையும் இப்படியே போடலாம். யோசிச்சுப் பாருங்க, எத்தனை பேருக்கு உதவும்!”

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. உட்கார்ந்தே நாளைக் கழிப்பவர்கள் எத்தனை பேர்! கவுன்டரில் சீட்டு கொடுக்கிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், நான். அக்காவை ஒரு நிமிஷம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் அத்தனை பேருக்கும் சட்டை. கொண்டுவராவிட்டால் கத்தரிக்கோல்.

இன்னொன்றும் இருக்கிறது. மைக்காரிக்கே அதில் ஆசை இருந்தது. உலகத்தின் முன் அக்காவை நிறுத்தி ‘இவள்தான், எல்லாம் இவள்தான்’ என்று சொல்லிவிடவேண்டும் என்ற ஆசை. ஆறு வருஷ நன்றி உள்ளே சேர்ந்துகிடந்தால் அது கனக்கத்தான் செய்யும். எனக்கும் அது தெரியும்.

7

மறுநாள் காலை, விளக்கைத் துடைத்துக்கொண்டே மைக்காரி விஷயத்தைச் சொன்னாள். அக்கா கடைசிவரை கேட்டாள்.

“எதுக்கு இதெல்லாம்?”

“உனக்கு நன்றி சொல்லணும்னுதான்க்கா.”

“சொல்லேன்.”

“இப்பவா?”

“ஏன், நான்தானே வேணும்? இங்கதான் இருக்கேன். சொல்லு.”

மைக்காரி வாயைத் திறந்தாள். துணியைக் கையில் சுருட்டினாள், பிரித்தாள்.

“ஆறு வருஷமா நிறுத்தாம பேசுற வாய்,” என்றாள் அக்கா. “லைட்டு போட்டாத்தான் வருமோ? போடட்டுமா?”

“கிண்டல் பண்ணாத.”

“பண்ணல. இங்க பாரு. நீ வான்னா வர்றேன். உன் வேலை அது, உனக்காக வருவேன். சிரிக்கச் சொன்னா சிரிப்பேன். ஆனா எனக்கு வேணுமான்னு கேட்டா, வேணாம். ரோட்டுல போறப்ப பாக்குறாங்களே, அந்தப் பார்வை போதும் எனக்கு. இந்த ரூம்ல மட்டும்தான்டி நான் பாக்குற ஆளு. மத்த எல்லா இடத்துலயும் என்னைத்தான் பாக்குறாங்க.”

அக்காவின் சட்டைக் காலர் பின்பக்கம் உள்ளே மடங்கியிருந்தது. மைக்காரி அதை எடுத்து வெளியே விட்டாள். அந்தக் கை தோளில் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தங்கியது.

“ம்,” என்றாள் அக்கா. “லைட்டு அந்தப் பக்கம் இன்னும் அழுக்கு.”

8

வாசகரே, இந்த இடத்தில் நான் பத்து நாள் நின்றுவிட்டேன்.

ஒரு முடிவு எழுதினேன். அக்கா வெளிச்சத்துக்கு வருகிறாள், மைக்காரி தழுதழுக்கிறாள், ஆறு லட்சம் பேரும் எழுந்து நிற்கிறார்கள். எழுதும்போது அழுதேன். மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது. விளம்பரப் பெண் கேட்ட அதே நிமிஷத்தை நான் அவளைவிட நல்ல தமிழில் எழுதியிருந்தேன், அவ்வளவுதான். ஒரு சட்டைக்குக் காரணம் வேண்டும் என்று நாற்காலியில் ஒருத்தியை உட்காரவைத்தது யார்? நான்தானே.

இரண்டாவது முடிவில் விளம்பரப் பெண் மனம் மாறினாள். அதில் மைக்காரிக்கு ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று. மூன்றாவதில் மாஸ்டரம்மா கத்தரிக்கோலை ஒளித்துவைத்தார். சிரிப்பு வந்தது, நம்பிக்கை வரவில்லை.

அதனால் முடிவை எழுதாமல், கடைசிச் சந்திப்பை மட்டும் எழுதி அவளையே பேசவிடுகிறேன். அந்த முந்நூறு சட்டைகளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று, வெட்டுப்படாமல் ஒன்று எப்படி என் மேசைவரை வந்தது என்பதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

நிறுவனத்தின் அறை. நீள மேசை, கண்ணாடிச் சுவர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். வெளியீட்டுக்கு மூன்று நாள் இருக்கிறது. ஒத்திகைக்காக மைக்காரியின் காலரில் சின்ன மைக் குத்தியிருக்கிறார்கள். விளம்பரப் பெண் நாற்காலியை அருகே இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

“அக்கா நேர்ல வரவேணாம். சரி. ஒரு போட்டோ?”

“வேணாங்க.”

“முகம்கூட வேணாம். சக்கரம் மட்டும், ஒரு ஓரத்துல. யாருன்னே தெரியாது.”

“எனக்குத் தெரியுமே.”

‘அவளைக் கேட்டால் வருவாள்’ என்று மைக்காரி நினைத்துக்கொண்டாள். ‘அதனால்தான் கேட்கக் கூடாது.’

“இல்லன்னா பின்பக்கத்தை வெட்டிடுவாங்க. அது என் கையில இல்லைங்க. உங்களுக்கே தெரியும்.”

“தெரியும். வெட்டாதீங்கன்னு நான் கேட்டுப் பாக்குறேன். நிறைய பேர் உக்காந்தே வேலை பாக்குறாங்க, அவங்களுக்குன்னு போடுங்க. அவ்வளவு எழுதினாப் போதும்.”

“இந்த யோசனை எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்களே? என்ன சொல்றது?”

“தப்பா அளவெடுத்தேன்னு சொல்லுங்க. நின்னு பாக்க மறந்துட்டேன்னு. அதான் நடந்துச்சு.”

விளம்பரப் பெண் தன் தண்ணீர் பாட்டிலை ஓரமாகத் தள்ளி வைத்தாள். கோபமில்லை. வருத்தம்தான். “அதுல கதை இல்லையே,” என்றாள்.

“இல்லதான்.”

மைக்காரி காலரிலிருந்து மைக்கைக் கழற்றி, ஒயரை வளையமாகச் சுற்றி, மேசைமேல் வைத்தாள். எழுந்தாள்.

அப்போதும் எனக்கு மனசு கேட்கவில்லை. அவளுக்காக ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன், ஒரு தங்கை தன் அக்காவுக்குச் சொல்லும் நன்றி. என் புருவத்தின் முப்பத்திரண்டும் முப்பதும்கூட அதில் எங்கோ ஒளிந்திருந்தன. அவள் சொன்னால் நானும் சொன்னமாதிரி ஆகிவிடும். கதவருகே போய் நின்று அந்தத் தாளை நீட்டினேன். இதை மட்டும் சொல்லிவிட்டுப் போயேன், மைக் வேண்டாம், விளக்கு வேண்டாம், இங்கே என் பக்கத்தில் சொல்லு போதும் என்றேன்.

அவள் நின்றாள். தாளை வாங்கினாள், படித்தாள். இரண்டாவது பத்தியில் லேசாகச் சிரித்ததாகக்கூட எனக்குத் தோன்றியது. பிறகு அதை வந்த மடிப்பிலேயே மடித்து என் கையில் திருப்பி வைத்தாள்.

“நல்லா இருக்கு,” என்றாள். “வேணாம்க்கா.”